வார்னிஷ் அடித்த துப்பாக்கி

ஹோபர்ட் கோம்ப்ஸின் சவப்பெட்டிக்குப் பத்தடி தள்ளி நின்று துப்பாக்கி வியாபாரி ட்வைட் ராட்லிஃப் சொன்னது, ஹோபர்ட்டின் மகள் ஜெனீவாவின் காதில் ஏழு வாரமாக எரிந்துகொண்டிருந்தது. "வியட்நாம்ல புடிச்சிட்டு வந்த துப்பாக்கின்னு மனுஷன் காலமெல்லாம் பீத்திக்கிட்டாரே, அது கடையில வாங்குனதுப்பா!" செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார் என்ற தைரியம்.

அதனால்தான் சனிக்கிழமை காலை அவள், அப்பாவின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த, வியட்நாம் போரில் எதிரிகள் ஏந்திய வகைச் சீனத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கெண்டக்கி மலையடிவாரத்துத் துப்பாக்கிச் சந்தைக்குப் போனாள். குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு வாசலிலேயே சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டை மாட்டி அனுப்பினார்கள். விற்க வருகிறவர்கள் குழலில் ஒரு குச்சியைச் செருகி, அதில் விலைச் சீட்டை ஒட்டிக்கொண்டு நடப்பது அங்கே வழக்கம். ஜெனீவாவின் சீட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நேரே ராட்லிஃபின் மேசைக்குப் போனாள். அவன் சொல்லும் விலைக்கு அந்தக் கூடத்தில் மறுபேச்சு கிடையாது. "பாத்து மதிப்பு சொல்லு தம்பி."

ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவன் தொழில் தெரிந்தவன்தான், அதை மறுக்க முடியாது. பாகங்களில் பொறித்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் ஒரே எண்; பாகம் எதுவும் மாற்றவில்லை. குழலுக்குள் விளக்கடித்தான், துரு இல்லை. மரப் பிடிக்கட்டையைத் தடவியவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அய்யய்யோ, வார்னிஷ் அடிச்சு மதிப்பக் கெடுத்துட்டாரே! சமையக்கட்டு அலமாரின்னு நெனச்சிட்டாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா ஆசை ஆசையாய் மூன்று தடவை பூசியது ஜெனீவாவுக்கு நினைவு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"குழல்ல இந்தப் பொடி எழுத்தப் பாருங்க. இறக்குமதி பண்ணவன் முத்திரை. போர்ல புடிச்சதுல இது இருக்காது. தொண்ணூறுல கப்பல்ல வந்த சரக்கும்மா இது. இருநூறு டாலர். அதுக்கு மேல ஒரு காசு பெறாது."

"மதிப்பு சரி. இது கடையில வாங்குனதுதான். அவர் வியட்நாம்லருந்து கொண்டுவந்தது உன் முதுகுக்குப் பின்னாடி தொங்குது."

அவனுக்குப் பின்னால் அதே வகைத் துப்பாக்கி. கட்டையில் வார்னிஷ் இல்லை, குழலில் முத்திரை இல்லை. 'போர்வீரர் கொண்டுவந்தது, ராணுவச் சீட்டு இல்லை, 900 டாலர்' என்று அட்டை.

ஜெனீவா கைப்பையிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்தாள். பிடித்த துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக 1968இல் ராணுவம் கொடுத்த சீட்டு. அப்பாவின் பெயரும் துப்பாக்கியின் எண்ணும் இருந்தன. எண்ணை உரக்கப் படித்தாள். தாடிக்காரர் ஒருவர் மேசைமேல் எக்கி, தொங்கிய துப்பாக்கியில் சரிபார்த்தார். "அட, அச்சு அசல் இதேதான்!"

ஜெனீவா ராட்லிஃபிடம் திரும்பினாள். "அப்ப சுரங்கத்துல வேலைநிறுத்தம். எங்க வீட்ல ஒரு பிடி மாவு இல்ல. உங்கப்பா அறுபது டாலரக் குடுத்து அத வாங்கிட்டுப் போனாரு. சீட்டையும் கேட்டாரு. எங்கப்பா குடுக்கல. அப்புறம் காசு வந்தப்ப, காலிச் சுவத்துல மாட்ட இந்த வார்னிஷ் துப்பாக்கிய வாங்குனாரு."

ராட்லிஃபின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் வியாபாரி வியாபாரிதான். சீட்டோடு சேர்ந்தால் அந்தத் துப்பாக்கி இரண்டாயிரத்துக்கு மேல் போகும். "அக்கா, சீட்டுக்கு ஆயிரம் தர்றேன்." அதுவரை அவள் அவனுக்கு அக்கா இல்லை.

"மொதல்ல எங்கப்பா பொய் சொல்லலன்னு சொல்லு."

"ஹோபர்ட் பொய் சொல்லல."

"சவப்பெட்டிகிட்ட இதவிடச் சத்தமாச் சொன்னியே?"

அவன் கத்திச் சொன்னான். அடுத்த வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சொல்லிட்டேன்ல? சீட்டக் குடுங்கக்கா."

"குடுக்கறேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

தாளைப் பைக்குள் வைத்து மூடினாள். அவன் பேனாவையே எடுத்து, குச்சியில் இருந்த வெற்றுச் சீட்டில் எழுதினாள்: 'ராட்லிஃப் மேசையில் தொங்குவது என் அப்பா ஹோபர்ட் கோம்ப்ஸ் கொண்டுவந்தது. அதன் ராணுவச் சீட்டு என்னிடம். விற்பனைக்கு இல்லை.'

வார்னிஷ் பளபளக்க அந்தத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சாயங்காலம் சந்தை மூடும்வரை கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.