தாய் துப்பிய சளி

சளி துப்ப ஏலாதவர்களுக்காகத்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆய்வுக்கு வந்த இந்தப் புதுச் சோதனை. பஞ்சுக் குச்சியால் நாக்கை வழித்து இயந்திரத்தில் வைத்தால், காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று அது சொல்லும். ஆனால் அது சொல்வது சரியா என்று ஒப்பிட, அதே ஆளின் சளியும் வேண்டுமாம். இந்த விதியை எழுதிய மகராசனை ஒருநாள் நேரில் காண வேண்டும்.

மின்ஹாவுக்கு நாலு வயது. இரண்டு மாதமாக இருமல், காய்ச்சல். தாய் ரிஸ்லா கிண்ணியாவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாள். எக்ஸ்ரே தெளிவில்லை. விழுங்கிய சளியை வயிற்றிலிருந்து எடுக்க மூக்கால் விட்ட குழாயைப் பிள்ளை இழுத்தெறிந்தது. நாக்குக் குச்சியில் கிருமி இருந்தது. அதைத் தாயிடம் சொல்லக்கூடாது என்பது ஆய்வின் கட்டளை.

"சளியில வரட்டும் மாகிரட், அண்டைக்கே மருந்து தொடங்குவம்" என்றார் ஆய்வை நடத்தும் டொக்டர் மேர்வின்.

சளி சேர்க்கும் தாதி நான்; ரிஸ்லாவிடம் கெஞ்சினேன். "எப்பிடியாவது கொஞ்சம் சளி எடுத்துத் தாங்கோ."

மறுநாள் போத்தல் நிறைய மஞ்சள் சளி கொண்டுவந்தாள். மாதாவே, எனக்கு வந்த சந்தோசம்! ஓடிப்போய்க் கொடுத்தேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மின்ஹாவுக்குக் காசநோய் இல்லை, நாக்குச் சோதனை பிழை என்று பதிந்தார்கள்.

மூன்று கிழமை கழித்து ரிஸ்லா மறுபடி வந்தாள். தோளில் கிடந்த பிள்ளையில் எலும்புதான் மிச்சம்.

"சளியில ஒண்டும் இல்லையே" என்றேன்.

"அது புள்ளைட சளி இல்ல மிஸ்" என்று அழுதாள். "அவளுக்குத் துப்பத் தெரியா. எனக்குத் தடிமன், நெஞ்செல்லாம் சளி. ஒரு வீட்டு நோய் வருத்தம் ஒண்டுதானே எண்டு நான்தான் துப்பினன்."

கன்னத்தில் அறையத் தோன்றியது. அவளையல்ல, என்னை. குச்சியில் கிருமி இருந்தது எனக்குத் தெரிந்திருந்ததே!

மேர்வினிடம் ஓடினேன். பழைய முடிவை வெட்டினார்.

"அப்ப நாக்குச் சோதனை சரிதானே? மருந்தைத் தொடங்குங்கோவன்!"

"அங்கீகாரம் இல்லாத சோதனையை நம்பி எப்பிடி எழுதுறது?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளையின்ர சளி வேணும். இன்னொரு போத்தல் குடுங்கோ."

கொடுத்தேன். வேறென்ன செய்ய ஏலும்?

ரிஸ்லா போத்தலைப் பிள்ளையின் வாயருகே பிடித்தாள். "துப்புங்க மகள், உம்மாக்காக."

மின்ஹா நெஞ்சு குலுங்க இருமினாள். வந்ததை முழுவதும் விழுங்கினாள். பிறகு நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

"சரியா உம்மா?"