ஃபஹ்மிதாவுக்குக் கிடைத்த லீவு

ஃபஹ்மிதா லீவு முடிந்து வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போன இடம் தெரியவில்லை. நன்றாகத் தூங்கியவளின் முகம் அது. நான் அப்படித் தூங்கி எவ்வளவோ காலமாகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்புக் கவுண்டரில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த நாற்காலி. டோக்கன் போடுவது, ஃபோன் எடுப்பது, டாக்டர் வரத் தாமதமானால் அவருக்குப் பதிலாகத் திட்டு வாங்குவது எல்லாம் எங்கள் வேலை. நான் இந்த நாற்காலியைத் தேய்க்கத் தொடங்கியபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள்.

ஒருநாள் கவுண்டரிலேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவுதான். வாரம் ஒருமுறை வரும் மனநல டாக்டர் அக்தர் பானுவைப் போய்ப் பார்த்தாள், சம்பளத்தோடு லீவு. திரும்பி வந்தால் ராத்திரி ஷிப்ட் கிடையாது. நர்ஸுகள் எல்லாம் 'பாவம் ஃபஹ்மிதா' என்று உருகினார்கள். அத்தனை நாளும் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்த என்னை ஒரு ஈ காக்காகூடப் பாவம் என்று சொல்லவில்லை. மேனேஜர் பூதலிங்கம் அண்ணாச்சிக்கு ஒரே பாட்டுதான்: "சுந்தரி இருக்கால்லா, பாத்துக்கிடுவா."

அதைக் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த கழுதையும் நான்தான்.

மதியம் சாப்பாட்டு அறையில் அவளைச் சுற்றிக் கூட்டம். களக்காட்டில் அவள் சாச்சி வீட்டுக்குப் போய் நாள் முழுக்க உறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, அந்த டாக்டரம்மாட்ட என்ன சொல்லி அழுத? எங்களுக்கும் சொல்லிக் குடு. நாங்களும் நடிச்சுப் பாக்கோம்."

குத்த வேண்டும் என்றுதான் கேட்டேன். அவளுக்குக் குத்தியதாகவே தெரியவில்லை.

"நடிக்கலக்கா, உள்ளதச் சொன்னேன். காலைல எந்திரிச்சு கவுண்டர நெனச்சாலே வயிறு கலங்கும். வீட்டுல ஃபோன் அடிச்சாலும் நெஞ்சு படபடன்னு வரும். சோறு எறங்காது. பிள்ளை 'உம்மா'ன்னு ஓடி வந்தா எரிச்சலா வரும். ராத்திரி கண்ணு மூடாது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இதற்கா லீவு? இது அத்தனையும் எனக்கு இருக்கிறதே! இவளுக்கு வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறதே! போன வாரம் என் மகள் ப்ரியா தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, நிமிர்ந்து பார்க்காமலே "டோக்கன் நம்பர் என்ன?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். வீட்டுக்காரரும் சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். இதற்கு ஒரு டாக்டர் உண்டு, லீவு உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? வேலை என்றாலே இப்படித்தான் இருக்கும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் எனக்கும் உண்டு. உன்னையவிட ஜாஸ்தியாவே உண்டு" என்றேன், ஜெயித்துவிட்டவள் மாதிரி.

"தெரியும்க்கா. உங்களப் பாத்துட்டுத்தான் நான் டாக்டர்ட்ட போனேன்."

"என்னையவா?"

"அன்னைக்கு ஒரு ஆளு உங்கள வாய்க்கு வந்தபடி ஏசுனாரே, நீங்க ஒரு வார்த்த சொல்லாம அடுத்த டோக்கனக் கூப்பிட்டிய. கை மட்டும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நானும் இப்படி ஆயிருவேனோன்னு பயந்துட்டேன். அதான் அழுதேன்."

அவளை அறைந்துவிடலாம் போலிருந்தது. நடுங்கியது என் கை, அழுதது இவள், லீவும் இவளுக்கு.

அந்த நேரம் பார்த்து பூதலிங்கம் அண்ணாச்சி கதவுக்குள் தலையை நீட்டினார். "சுந்தரி, ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வரல. பாத்துக்கிடுவேல்லா?"

'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் ஃபஹ்மிதா என் கையைப் பிடித்தாள்.

"என்னால முடியாது அண்ணாச்சி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் நீட்டிய தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

டாக்டர் வரும் நாளில் எனக்கு டோக்கன் போட்டதும் ஃபஹ்மிதாதான். எனக்கு முன்னால் உள்ளே போன பெண் வெளியே வருவேனா என்றாள். அவளுக்கு மட்டும் இவ்வளவு நேரமா என்று வயிறு எரிந்தது. என் முறை வந்ததும் உள்ளே போய், உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

"அவளுக்கு எம்புட்டு நேரம் குடுத்தியளோ, அம்புட்டும் எனக்கும் வேணும்."

"எடுத்துக்கிடுங்க. பைய சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

ஃபஹ்மிதாவைவிட ஜாஸ்தியாகவே அழுதேன்.