சபைக் குறிப்பில் சிரிப்பொலி

உறுப்பினருக்குத் தொகுதியில் 'மைக்' என்று பட்டப்பெயர். கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க நாலு பேர் வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை பிழைத்துச் சட்டசபை வரைக்கும் போய்விட்டது.

அவருடைய அக்கா கடைவீதியில் தையல்கடை வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு அந்த ஒற்றை அறைதான் அவளுக்கு எல்லாமே: முன்பக்கம் இரண்டு மிஷின், திரைக்குப் பின்னால் கட்டிலும் அடுப்பும். தம்பியைப் படிக்க வைத்ததும், அவர் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது கண் வலிக்க வலிக்கக் கொடி தைத்துக் கொடுத்ததும் அங்கேதான். பழைய கட்டடக்காரர் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் அது. அவர் கண்ணை மூடியதும் மகன் வந்து நின்றான்.

"எழுதின ஒப்பந்தம் இருக்கா? இல்லைன்னா புதுச் சட்டப்படி காலி பண்ணணும்."

புதுச் சட்டம் என்று கேட்டதும் தம்பி சிரித்துவிட்டார். "அக்கா, அது நாங்க போட்ட சட்டம். அன்னிக்கு அந்த மசோதா மேல எழுந்து பேசினதே நான் ஒருத்தன்தான். உன்னை யாரு அசைக்க முடியும்?"

பேசியது பொய்யில்லை. என்ன பேசினோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது. அன்று சபையில் மின்விசிறி ஓடவில்லை, மசோதா நகலை மடித்து விசிறிக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் நினைவில் இருந்தது.

கட்டடக்காரர் மகன் வழக்குப் போட்டதும், அக்கா அதை அப்படியே தன் வக்கீலம்மாவிடம் சொல்லிவைத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

விசாரணையன்று உறுப்பினர் சலவைச் சட்டையும் நறுமணமுமாக வந்து, முன்வரிசையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சட்டம் வர்றதுக்கு முன்னாடியே குடிவந்தவங்களுக்கு இது பொருந்துமா, பொருந்தாதா?" நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அதைப் பத்திச் சட்டம் வாயே திறக்கலையே. இயற்றினவங்க என்ன நினைச்சாங்கன்னு தெரிஞ்சா நான் அதன்படி போவேன். ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க ஐயா," என்று வக்கீலம்மா தெம்பாக எழுந்தாள். "சபையில பேசின பேச்சே இருக்கு. பேசினவரும் இங்கயே இருக்கார்."

சபை நூலகத்திலிருந்து அந்தப் பேச்சின் குறிப்பு அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்தது. பேசியவரே சொன்ன பிறகு பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளும் நினைத்துவிட்டாள், பாவம். இப்போதுதான் பிரித்து வாசித்தாள்.

"'அவைத் தலைவர் அவர்களே, நம் தலைவரின் ஆட்சியில் மழைகூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் பெய்கிறது.' கைதட்டல்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "'ஆனால் சபை உணவகத்தில் டீ ஆறிப்போய் வருகிறது. ஆறின டீயைக் குடித்துவிட்டுச் சூடாக விவாதிப்பது எப்படி?' சிரிப்பொலி. 'மசோதாவை மனதார வரவேற்று அமர்கிறேன்.'"

"அப்புறம்?" என்றார் நீதிபதி.

வக்கீலம்மா பக்கத்தைத் திருப்பினாள். அங்கே வேறு மசோதா ஆரம்பித்திருந்தது. "அப்புறம்... நிறைவேறிடுச்சுங்க ஐயா."

நீதிமன்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் உறுப்பினர் சமாளித்திருப்பார். சிரிப்பைச் சமாளித்து வளர்ந்த மனிதர் அவர். இந்த அமைதியில் காது மடல் வரைக்கும் எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா மட்டும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள், தம்பியின் பேச்சு இன்னும் வரும் என்று காத்திருப்பவளாக.

"பழையவங்களை விட்டுடணும்னு சபை நினைச்சதா தெரியல," என்றார் நீதிபதி. "எதையுமே நினைச்சதா தெரியல. இல்லாத எண்ணத்தை நான் எழுதிச் சேர்க்க முடியாதும்மா. சட்டம் யாரையும் விலக்கலைன்னா எல்லாருக்கும்தான். ஆறு மாசம் அவகாசம் தரேன். இதை மாத்தணும்னா சபையாலதான் முடியும், அங்க போய்க் கேளுங்க."

அவர் உறுப்பினர் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் யாரிடமோ போனில் குதூகலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இனிமே கவலையே இல்லைங்க. எந்த வழக்கு வந்தாலும் இந்தத் தீர்ப்பைக் காட்டினாப் போதும்." கடைவீதியில் வாய்வார்த்தையாகக் குடிவந்தவர்கள் எத்தனை பேர் என்பது உறுப்பினருக்குத் தெரியும். செருப்புத் தைப்பவர், சைக்கிள் கடைக்காரர், சலவைக்காரர். ஒவ்வொரு கடைவாசலிலும் நின்று கைகூப்பி ஓட்டுக் கேட்டவர் ஆயிற்றே. அவர்கள் முகங்கள் வரிசையாக வந்தன.

அக்கா படியில் கைப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வந்ததும் நகர்ந்து இடம் விட்டாள். அவருக்கு உட்காரத் துணிவில்லை.

"அக்கா, நான்..."

"இருடா, நான் ஒண்ணு கேக்கறேன்." அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. நிஜமாகவே வழி கேட்கிற முகம். "சபையில போய்க் கேக்கச் சொல்றாரே அந்த ஐயா. அங்க நமக்காகப் பேச யாரைடா பார்க்கணும்? உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"