பாதியில் நின்ற கை

டவர்காரருக்குக் காலையிலிருந்தே இடுப்பு விட்டுப்போயிருந்தது. காரின் முன்பக்கத்தில் நான்கு போன்களை வரிசையாக மாட்டிக்கொண்டு, அவை எங்கே வேகமான 5ஜியைப் பிடிக்கின்றன, எங்கே 4ஜிக்கு இறங்குகின்றன என்று பார்த்தபடி தெருத்தெருவாக வண்டி ஓட்டுவதுதான் அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு வேறு பெயர் உண்டு. தெருவில் எல்லோருக்கும் அவர் டவர்காரர்தான்.

ஒரே வீட்டிலிருந்து புகார் மேல் புகார். "ஆடியோ நல்லா இருக்குல்ல? பார்த்துட்டு புகாரை முடிச்சு விடுங்க," என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. படியேறிப் போய் மூச்சு வாங்க நின்றார். கதவைத் திறந்த பெண் சலவைக்கடையில் துணி தேய்ப்பவள். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். விரல் நுனிகள் சூட்டில் சிவந்திருந்தன.

"ஆடியோ கால்ல ஏதாவது பிரச்சினை இருக்காம்மா?"

"ஆடியோவை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காது. கையாலதான் பேசிக்குவோம். அவர் வேலை பாக்குறது கப்பல் கட்டுற இடத்துல, ரொம்ப தூரம்."

டவர்காரர் அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு டவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வீடு அது. போன் தானாகவே வேகமான நெட்வொர்க்குக்குத் தாவியது, அங்கே சிக்னல் போதாமல் திரும்பி இறங்கியது, மறுபடி தாவியது. ஒவ்வொரு தாவலுக்கும் படம் உறைந்து நின்றது.

"கை பாதியில நின்னுடுது சார். வரேன்னு சொல்றதும் வரலன்னு சொல்றதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், கடைசியில கை திரும்புறதுலதான் வித்தியாசம். லீவுக்கு வர்றாரா இல்லையான்னு இன்னும் தெரியல. எழுதி அனுப்புங்கன்னா, கையாலதான் சொல்லுவேன்னு அடம் புடிக்கிறாரு."

"தானா மாறுறதை நிறுத்திடறேன். 4ஜியிலயே நிக்கும். படம் கொஞ்சம் மங்கும், ஆனா பாதியில உறையாது."

மாற்றிக் கொடுத்தார். அவள் அங்கேயே கூப்பிட்டாள். மங்கலாகத்தான் வந்தான் கணவன், தலைமேல் ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடியோடு. அவள் கையால் கேட்டாள். அவன் தயங்கினான். பிறகு கை எழுந்தது, நகர்ந்தது, நிற்காமல் கடைசிவரை போனது.

அவள் கை மடியில் விழுந்தது. டவர்காரர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வரலையாம். கப்பல் இன்னும் முடியலையாம்."

"மன்னிச்சுக்கோங்கம்மா."

"நீங்க என்ன செய்வீங்க. வழியைப் பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப்போச்சு. இனிமே பாக்க வேண்டாம்." பிறகு போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் அவனைத் திட்ட ஆரம்பித்தாள். மொழி புரியாவிட்டாலும் திட்டு என்பது டவர்காரருக்கு நன்றாகவே புரிந்தது. கணவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

"ரொம்ப நாளா திட்டவே முடியல சார். பாதியில நின்னா திட்டுக்கு மரியாதையே இல்ல."

காருக்கு வந்து மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

"பேச்சு கட் ஆகுது சார்."

"ஆடியோ ஓகேதானே?"

"ஆடியோ ஓகேதான். பேச்சுதான் கட் ஆகுது. டவர் ஆன்டெனாவை அந்த வீட்டுப் பக்கம் திருப்பணும்."

விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமலேயே விளக்கினார். மறுமுனையில் மேலதிகாரி பெருமூச்சுவிட்டுச் சரி என்றார். அதற்கப்புறம் பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் ஆட்கள் வந்து ஆன்டெனாவைத் திருப்பினார்கள். டவர்காரர் தெருவில் வண்டி ஓட்டிப் பார்த்தார். நான்கு போனிலும் 5ஜி இறங்காமல் நின்றது. மறுபடி மூன்று மாடி ஏறினார்.

"இப்ப பழையபடி தானா மாற விட்டுடலாம்மா. படம் தெளிவா வரும்."

அவள் போனைத் தரவில்லை. "வேண்டாம் சார், இப்படியே இருக்கட்டும். மங்கலா தெரியுதேன்னு அவரும் பெருசு பெருசா, நிதானமா பேசப் பழகிட்டாரு. முன்னெல்லாம் கடகடன்னு முடிச்சிட்டுப் போயிடுவாரு."

டவர்காரர் வாதாடாமல் திரும்பினார். ஒரு மாடி இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.