கடைப் பக்கத்து டெலிபோன்

‘கீ...ங்ங்... க்ர்ர்ர்ர்...’

மோடம் அலறி ஓய்ந்தது. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அமலி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சென்னையிலிருந்து ஒலிக்கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. பாதி தாண்டியது. முக்கால் ஆகப் போகிறது என்று நினைக்கும்போதே, மேஜையிலிருந்த டெலிபோன் ‘டிங்’ என்று ஒரே ஒரு முறை சிணுங்கியது.

விளக்குகள் அணைந்தன. இணைப்பு போயிற்று. இனி மறுபடியும் முதலிலிருந்து இறக்க வேண்டும்.

அவள் தலையில் கை வைத்த நேரம் அதே டெலிபோன் முழுசாக மணியடித்தது. சென்னைக் கம்பெனியில் வேலையை மேற்பார்வை பார்க்கும் கனிமொழி.

“அமலி, உங்க ஃபைல் இன்னும் வரலை. நேத்தும் வரலை.”

“லைன் கட் ஆயிட்டே இருக்குங்க மேடம்.”

“குடவாசல்லேர்ந்து இதெல்லாம் முடியாதுன்னு எங்க ஆபீஸ்ல அப்பவே சொன்னாங்க. நான்தான் முடியும்னு சொல்லி உங்களைச் சேர்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அனுப்புங்க. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அமலி கல்யாணத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் நர்ஸாக இருந்தவள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பற்றிச் சொல்லிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் செய்து கொடுக்கும் வேலை இது. இப்போது நடப்பது பரீட்சை. தேறிவிட்டால் வீட்டிலிருந்தே வேலை.

வீட்டுக்கு முன்பக்கம் அவள் கணவன் சிங்கராயரின் கடை. மேட்டூர் அணை திறக்கத் தாமதமாகும் வருஷங்களில் குறுவைப் பயிருக்குப் போர்வெல் தண்ணீரை விட்டால் கதியில்லை. இரவும் பகலும் ஓடிக் கருகிய மோட்டார்கள் எல்லாம் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட அவரிடம்தான் வரும். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே டெலிபோன் லைன், இரண்டு போன்கள்.

லைன் ஏன் அறுகிறது என்று அவள் பார்க்காத இடம் இல்லை. மோடம் வயரை மாற்றினாள். ஸ்டெபிலைசரைத் தள்ளி வைத்தாள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். லைன்மேன் காதர் மைதீனைக் கூப்பிட்டுக் கம்பம் வரைக்கும் சோதிக்கச் சொன்னாள். “லைன் சுத்தமா இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

கடையில் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போதுதான் இரைச்சல் புகுகிறதோ என்று அடுத்த சந்தேகம். “நான் நெட்ல இருக்கும்போது மட்டும் மோட்டாரை ஓட்டாதீங்க” என்று சிங்கராயரிடம் சொன்னாள். அவர் “ம்” என்றார். சொன்னபடியே நிறுத்தியும் வைத்தார். அதற்கப்புறம்தான் லைன் இன்னும் அதிகமாக அறுந்தது.

“கடை போன்ல யார்கிட்டயாவது பேசினீங்களா?” என்றும் ஒரு நாள் கேட்டாள்.

“ஒரு வார்த்தை பேசலையே” என்றார். சிங்கராயர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

ஒன்றுதான் அவளுக்கு உறுத்தல். இத்தனை பாடுபடுகிறாளே, இது என்ன வேலை, எப்படிப் போகிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துவிட்டார் போல.

கனிமொழி பேசி முடித்ததும் அமலி ரிசீவரை வைத்தாள். முன்பக்கம் கடையிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

அப்படியே நின்றாள். ரிசீவரை எடுத்தாள். மறுபடியும் கடையில் ‘டிங்’. வைத்தாள். ‘டிங்.’

இந்தப் போனை எடுத்தால் அந்தப் போன் சிணுங்குகிறது. அப்படியானால் லைன் அறுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் இந்தப் போன் சிணுங்கியதற்கு என்ன அர்த்தம்?

கோளாறு பிடிபட்டுவிட்டது. மோடத்தில் இல்லை, மோட்டாரில் இல்லை, கம்பத்திலும் இல்லை. புத்தகத்தைப் பார்க்காமல், யாரையும் கேட்காமல் தானே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் இதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மறுபடியும் டயல் செய்தாள். மோடம் அலறி முடித்து, கோப்பு இறங்கத் தொடங்கியதும் நடையைக் கடந்து கடை வாசல் திரையை விலக்கினாள்.

மோட்டாருக்காகக் காத்திருந்த இளையபெருமாள் கடை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சிங்கராயர், பேசும் முனையை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு.

“என்னங்க பண்றீங்க?”

சிங்கராயர் ரிசீவரைப் பிடுங்கி வைத்தார். “பேசலை அமலி. யாருமே பேசலை. மூச்சுச் சத்தம்கூடப் போகக் கூடாதுன்னுதான் பொத்திக்கிட்டேன்.”

“பேசலைன்னா? எடுத்தாலே அறுந்துடும்ங்க.”

“எடுத்தாலேவா?” அவர் முகம் செத்துப்போயிற்று.

“யாருக்குப் போன் பண்ணணும் உங்களுக்கு?”

இளையபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்ப நான் அப்புறமா வரேன்” என்று நழுவினார்.

சண்டை போட நேரமில்லை. அமலி டெஸ்டரைக் கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார். வீட்டுச் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து கடைக்குப் போகும் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டாள்.

அதன் பிறகு மோடத்தின் விளக்குகள் ஒரு தடவைகூட அணையவில்லை. கோப்பு முழுசாக வந்து இறங்கியது. டாக்டர் வார்த்தைகளைப் பாதி விழுங்கிப் பேசினார். ஓரிடத்தில் மருந்தின் பேர் காற்றோடு போயிற்று. ஆனால் நோயாளிக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, சிறுநீர் பிரிய மருந்து என்றால் எது என்று வார்டில் இரவெல்லாம் நின்றவளுக்குத் தெரியாதா? திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். அதேதான். டைப் செய்து, படித்துப் பார்த்து, ஆறடிக்கும் முன்பே அனுப்பினாள்.

சற்று நேரத்தில் கனிமொழி கூப்பிட்டாள். “ஒரு திருத்தம்கூட இல்லை அமலி. அந்த மருந்துப் பேரை இங்க இருக்கறவங்களே கோட்டை விட்டுட்டாங்க. நாளையிலேர்ந்து ஃபைல் அனுப்புறோம். குடவாசல்தானேன்னு சொன்னவர் மேஜையில கொண்டுபோய் வெச்சிருக்கேன்.”

அமலி நிமிர்ந்து நடந்து கடைக்குப் போனாள். சிங்கராயர் குனிந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வேலை கிடைச்சிடுச்சுங்க.”

கம்பி சுற்றிய கை நின்றது. “கிடைக்கும்னு தெரியும்” என்றார். கொஞ்சம் தயங்கி, “அப்ப கடை போன் இனிமே கிடையாதா?” என்றார்.

“அப்படி என்னதான் அவசரம் அந்தப் போன்ல?”

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இளையபெருமாள் வந்தார். பின்னால் இன்னொருவர்.

“மோட்டாரு மெதுவா ஆகட்டும் சிங்கராயரு. இவரு என் மச்சான். உங்க வீட்டம்மா அமெரிக்கா டாக்டருங்களோட வேலை பாக்குற அந்த ‘க்ர்ர்ர்’ சத்தத்தை வர்றவங்க எல்லாருக்கும் போன்ல கேக்க வைக்கிறீங்களே, அதை இவருக்கும் ஒரு தடவை கேக்க வைங்க.”