ஞானப்பல் எடுத்த வாரம்

"படுத்துக்கிட்டு முளைச்ச பல்லும்மா. எலும்பைக் கொஞ்சம் அறுத்துத்தான் எடுத்தேன். மூணு தையல் போட்டிருக்கு" என்றார் பல் டாக்டர் பாத்திமா. "பஞ்சை ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க. எச்சியைத் துப்பாதீங்க, முழுங்கிடுங்க. ரெண்டு நாள் குனிஞ்சு நிமிந்து வேலை பாக்கக் கூடாது. வீக்கம் மூணு நாள் ஏறும், அப்புறம் வத்தும். அதுக்கப்புறமும் வலி கூடிக்கிட்டே போச்சுன்னா உடனே வந்துடணும்."

ஜெயபாரதி தலையாட்டினாள். உதடும் தாடையும் யாருடையதோ போல மரத்துக் கிடந்தன.

"வீட்டுல பாத்துக்க ஆள் இருக்காங்கள்ல?"

அதற்கும் தலையாட்டினாள். வீட்டில் இருந்தது மாமனார் பஞ்சநதமும், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கவிப்ரியாவும். கணவன் ராம்கி கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். நான்கு ஏக்கர் சம்பாவும் அவள் தலையில்தான். ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு பல்லெடுக்க டாக்டர் கொடுத்த நாள் இது. நடவுக்கு ஆள் கிடைத்ததோ மறுநாள். இரண்டில் எதையும் தள்ளிப்போட முடியவில்லை.

தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஊர் வந்து சேர்ந்தாள். சாயங்காலம் மரப்பு விட்டதும் வலி வந்தது. அந்த நேரத்தில்தான், மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ராம்கி வீடியோவில் கூப்பிட்டான்.

"என்ன பாரதி, கன்னம் இப்படி வீங்கிருக்கு! பேசாத, பேசாத. நான் சொல்றதை மட்டும் கேளு. கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடணும். போட்டுடட்டுமா?"

அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது. தொண்டையில் ரத்த ருசி. "ம்ம்..." என்று முனகல்தான் வந்தது.

"சரி, நீ படு" என்று அவன் வைத்துவிட்டான்.

போனில் எழுதி அனுப்பியிருக்கலாம். எழுத ஆரம்பித்தாள். 'வேண்டாம்' என்று எழுதினால் ஏன் என்று கேட்பான். அதற்கெல்லாம் பதில் எழுதத் தெம்பில்லை. அழித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியும்போதே வயலில் இருந்தாள். நாற்று முடிகளை வீசினாள். ஆட்களுக்கு டீ கொண்டுபோனாள். வாயில் ஊறியதை இரண்டு மூன்று முறை மறந்து வரப்பில் துப்பினாள். துப்பிய பிறகுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வரும். நாற்று எடுக்கக் குனியும்போதெல்லாம் பல் இருந்த குழியில் நாடி துடித்தது. மாமனார் காய்ச்சிக் கொடுத்த கஞ்சி அடிப்பிடித்திருந்தது. ஆறவைத்து அதையே குடித்தாள்.

மூன்றாம் நாள் வீக்கம் ஏறியது. நான்காம் நாள் வீக்கம் வற்றியும் வலி வற்றவில்லை. தாடையிலிருந்து காதுக்கும், காதிலிருந்து நெற்றிக்கும் ஏறியது. மாத்திரை எதற்கும் அடங்கவில்லை. மோட்டார் கொட்டகையின் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவளைப் பஞ்சநதம் பார்த்தார்.

"கெளம்பும்மா, தஞ்சாவூர் போவோம்."

"களை எடுக்க ஆளுக்குச் சொல்லணும் மாமா..."

"களை எங்கயும் போயிடாது. கெளம்பு."

பஸ்ஸில் டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "அன்னிக்கு ராம்கி கேட்டப்ப நீ வேணாம்னுதானே சொல்லப் பாத்த?" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்தது.

டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார். "குழியில ரத்தம் உறைஞ்சு மூடியிருக்கணும். அது கழண்டு போச்சு, எலும்பு தெரியுது. அதான் இந்த வலி." கழுவி, கிராம்பு வாசமடிக்கும் மருந்துத் துணியைக் குழிக்குள் வைத்தார். பத்து நிமிடத்தில் வலி இறங்கத் தொடங்கியது. நான்கு நாளாக இறுக்கிப் பிடித்திருந்த தோள்கள் தளர்ந்தன. அந்த நாற்காலியிலேயே அவள் கண்ணயர்ந்துவிட்டாள். அடுத்த ஆள் வரும்வரை டாக்டர் எழுப்பவில்லை.

வெளியே வந்ததும் ராம்கியைக் கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"மறுநாளே போட்டுட்டேனே. நீதான் சரின்னியே?"

"நான் சரின்னு சொல்லலைங்க. வாயைத் திறக்க முடியல." கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள். "என்னால முடியலைங்க. வயலு, புள்ள, மாமா, எல்லாத்தையும் ஒருத்தியாப் பாக்க முடியல. பல்லு வலியால சொல்றேன்னு நினைக்காதீங்க. போன வருஷமே சொல்லிருக்கணும்."

அந்தப் பக்கம் லாரிச் சத்தம் தள்ளிப்போனது; அவன் ஓரமாக நகர்ந்து வந்திருக்க வேண்டும்.

"ஏன் பாரதி இவ்வளவு நாள் சொல்லல?"

"நீங்க கேக்கவும் இல்ல."

கையெழுத்துப் போட்டது போட்டதுதான், மாற்ற முடியவில்லை. ஆனால் ராம்கி மேலதிகாரியிடம் இரண்டு முறை போய் நின்று, தையில் அறுப்புக்கு நாற்பது நாள் லீவு வாங்கினான். இரண்டு ஏக்கரை அடுத்த போகத்துக்குக் குத்தகைக்கு விடவும் ஒப்புக்கொண்டான். அது, நிலத்தைக் கைவிட மனசில்லாத அப்பாவோடு அவன் போனில் மூன்று நாள் சண்டை போட்ட பிறகு நடந்தது.

அன்றைக்கு அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, பகலிலேயே பாயை விரித்துப் படுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த கவிப்ரியா உலுக்கியபோதும் தூக்கத்தில் புரண்டு படுத்தாளே தவிர எழுந்திருக்கவில்லை.