சந்தனம் வைத்த இரும்பு

"ஒண்ணைச் சொல்லும்வே. நீளுதுன்னு எழுதவா, சுருங்குதுன்னு எழுதவா?"

"ரெண்டும்தான் அண்ணாச்சி. முதல்ல நீளுது. பெறவு சுருங்குது."

"உம்ம மாமனார் சொன்ன சீர்வரிசை மாதிரில்லா இருக்கு!"

கேட்டவர் கல்லூரிக் கணக்கு வாத்தியார் தில்லைநாயகம் பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அறிக்கையைப் படியெடுத்துக் கொடுக்க வந்திருந்தார். பதில் சொன்ன பூதலிங்கம் அங்கே பௌதிகச் சோதனைச்சாலையைப் பார்த்துக்கொள்கிறவன். 1911, சரஸ்வதி பூஜை கழிந்து மூன்றாம் நாள். ஜன்னல்களைச் சாத்தி, பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள்.

செம்புக் கம்பிச் சுருளுக்குள் ஓர் இரும்புக் கம்பி செங்குத்தாக நின்றது. சுருளில் மின்சாரம் ஓடினால் இரும்பு காந்தமாகும். காந்தமானால் மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும். அதன் நுனியில் நிற்கும் சிறு கண்ணாடி அசைந்து, அதில் பட்டுச் சுவரில் விழும் வெளிச்சப் பொட்டை மேலே ஏற்றும். கல்லூரியிலிருந்த ஒரே புத்தகம் அப்படித்தான் சொன்னது. அது நாற்பது வருஷத்துப் பழசு. அதற்குப் பிறகு யார் என்ன கண்டார்கள் என்று சொல்ல இந்த ஊரில் ஆளில்லை.

நாலு மணி ரயிலில் பிரின்சிபால் மதராஸ் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பும் அறிக்கை அங்குள்ள பேராசிரியருக்குப் பிடித்துவிட்டால் பூதலிங்கத்துக்கு ஒரு வருஷம் அங்கே ஆராய்ச்சி. பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் இங்கே கண்ணாடிக் குழாய் கழுவ வேண்டியதுதான்.

தில்லைநாயகம் குனிந்து பார்த்தார். "நுனியில என்னவே மஞ்சளா?"

"பூஜைக்கு வச்ச சந்தனம்."

"கண்ணாடியைச் சந்தனத்து மேலயா நிறுத்தியிருக்கீரு? பாட்டரி கூடக்கூடச் சுருள் சுடுது, சந்தனம் காயுது, சுருங்குது. வெளங்கிச்சா?"

பூதலிங்கத்துக்கு உயிர் வந்தது. தன் கையாலேயே ஒவ்வொரு கருவிக்கும் பொட்டு வைத்தவன் அவன்தான். சிரித்தேவிட்டான். "அப்போ நீளுதுன்னே எழுதுங்க அண்ணாச்சி!"

அவர் எழுத உட்கார்ந்ததும், இவன் ஈரத்துணியால் நுனியைத் துடைத்து, கத்தியால் சுரண்டி, கண்ணாடியை வெறும் இரும்பின்மேல் நிறுத்தினான். மனசு ஆறுவதற்காகத்தான்.

இரண்டு பாட்டரி, சுவரில் வெளிச்சப் பொட்டு ஏறியது. ஆறு, இன்னும் ஏறியது. பத்தில் நின்றது. பதினைந்தில் பைய இறங்கியது.

சூடு என்றால் இரும்பு நீளத்தானே வேண்டும்? பாட்டரியைக் குறைத்தான், பொட்டு மறுபடி ஏறியது. காய்ந்த சந்தனம் எங்கேயாவது திரும்ப ஊறுமா? சந்தனமே இல்லையே! மேஜை சாய்கிறதா? ரோட்டில் போகிற மாட்டுவண்டியா? காதை வைத்துக் கேட்டான். வண்டி ஒன்றும் இல்லை. மூன்று நாளாகத் தூங்காத கண் ஏமாற்றுகிறதோ? இரும்பு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன் புத்திமேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"முடிஞ்சுது. கையெழுத்துப் போடும். மணி மூணேகால்," என்று தில்லைநாயகம் தாளை நீட்டினார். ஈரம் காயாத மசியில், காந்தம் கூடக்கூட இரும்பு நீளும் என்று அழகாக எழுதியிருந்தது.

பூதலிங்கம் பேனாவை வாங்கிக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு தரம். நான் பாட்டரியைக் கூட்டுதேன். கண்ணை மூடிக்கிடுதேன். நீங்க அந்தச் சுவத்தைப் பாத்து, பொட்டு ஏறுதா எறங்குதான்னு மட்டும் சொல்லுங்க."